ஒரு தெரு தள்ளிப் போன கூறைப் புடவை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் தலைவர் கேட்டார். கார்களுக்கு வழி சொல்லும் கருவி செய்வது உங்கள் வேலை. ஓய்வு பெறும்வரை எனக்கும் அதுதான் வேலை. நுட்பத்தில் நீங்கள் எங்கேயோ போய்விட்டீர்கள்; அதைப் பற்றி நான் வாயைத் திறந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். அதனால் ஒரு புடவையைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கும் நீங்கள் சிரிக்கலாம்.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. தேனாம்பேட்டையில், அண்ணா சாலையைப் பார்த்த ஒரு மாடியில் எங்கள் சின்னக் கம்பெனி இருந்தது. ஒரு பழைய வேனை வாங்கி, அதன் வயிற்றுக்குள் எங்கள் கருவியைப் பொருத்தியிருந்தோம். கூரையில் இருந்த ஏரியல் செயற்கைக்கோள்களிடமிருந்து வரும் சைகையை வாங்கி, வேன் எங்கே இருக்கிறது என்று கணக்கிடும். சக்கரத்தில் பொருத்திய உணரி, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, எவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்லும். சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டி, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று கவனிக்கும். மூன்றும் கூடிப் பேசி முடிவெடுத்து, முன்னால் இருந்த திரையின் வரைபடத்தில் ஒரு சிவப்பு அம்பை நிறுத்தும். அந்த அம்புதான் நாங்கள்.

மூவர் கூடிப் பேசினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மரத்தடியில் போனால் செயற்கைக்கோள் காணாமல் போகும். மேம்பாலத்தின் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று கருவிக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, செயற்கைக்கோள்களின் சொந்தக்காரர்களான அமெரிக்க ராணுவத்தார் வெளியாருக்குக் கொடுக்கும் சைகையில் வேண்டுமென்றே கொஞ்சம் பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. பால்காரர் தண்ணீர் கலப்பது மாதிரி. ஒரு தெரு தள்ளிக் காட்டினால் அது பழுது இல்லை, வழக்கம்.

இந்த வழக்கத்தை வாடிக்கையாளருக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் தகராறு. எங்கள் மேலாளர் ராகவன் சாருக்கு அதில் ஒரே கொள்கை: சொல்லவே கூடாது. நல்ல மனிதர். பம்பாயில் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், சென்னைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. விற்பனை என்று வந்துவிட்டால் மட்டும் அவருடைய நாக்கு நாலு கால் பாய்ச்சலில் ஓடும்.

முதல் முறை ஒரு பெரிய மனிதரை வேனில் உட்கார வைத்து அடையாறு பாலத்தின் மேல் போனபோது, அம்பு பாலத்தை விட்டு இறங்கி ஆற்றுக்குள் போய்விட்டது. நடு ஆற்றில் சாவகாசமாக நீந்திக்கொண்டு, எங்களுடனேயே அக்கரை வரை வந்தது.

"நாம தண்ணியில போயிண்டிருக்கோமா?" என்று கேட்டார் பெரிய மனிதர்.

"வெள்ளம் வந்தா உபயோகப்படும் சார்," என்றார் ராகவன் சார்.

அந்தப் பெரிய மனிதர் பிறகு எங்கள் தொலைபேசிக்குப் பதிலே சொல்லவில்லை. அன்று சாயங்காலமே ராகவன் சார் கட்டளை போட்டார்: அம்பு இனிமேல் சாலையை விட்டு இறங்கக் கூடாது. செய்து கொடுத்தோம். கணக்கு எந்த இடத்தைச் சொன்னாலும், பக்கத்தில் இருக்கும் சாலையாகப் பார்த்து அம்பு அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பார்க்க அற்புதமாக இருந்தது. ஆற்றில் இறங்கவில்லை, வீடுகளுக்குள் நுழையவில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி, சாலையின் நட்டநடுவில் விறைப்பாக நின்றது. அது நிற்கும் சாலையில்தான் நாமும் இருக்கிறோமா என்பது வேறு விஷயம்.

கருவிக்குக் குரலும் கொடுத்தோம். என் குரல்தான். அண்ணா சாலையின் இரைச்சல் கேட்காமல் இருக்க, அலுவலகச் சாமான் அறையில் இரண்டு போர்வைகளைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வியர்க்க வியர்க்கப் பேசிப் பதிவு செய்தேன். "அடுத்த தெருவில் இடது பக்கம் திரும்பவும்." "நேராகச் செல்லவும்." "சேர வேண்டிய இடம் வந்துவிட்டது." கேட்டவர்கள் எல்லாரும், இவ்வளவு உறுதியாகப் பேசும் பெண் தப்பாகச் சொல்லவே மாட்டாள் என்றார்கள். மூச்சு முட்டியதால் சுருக்கமாகப் பேசினேன், அவ்வளவுதான்.

அப்போதுதான் சண்முகவேல் அண்ணாச்சி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்துப் பெரிய ஆளாக வளர்ந்தவர். கல்யாண ஜவுளியை வீட்டுக்கும் மண்டபத்துக்கும் கொண்டுபோய்க் கொடுக்க நிறைய வேன்கள் வைத்திருந்தார். அவருடைய ஓட்டுநர்கள் மயிலாப்பூருக்குள் போனால் காணாமல் போய்விடுகிறார்கள் என்பது அவருடைய நெடுநாள் வருத்தம். அவருடைய வேன்கள் அத்தனையிலும் எங்கள் கருவி ஏறினால் கம்பெனி பிழைக்கும். ஏறாவிட்டால் எங்களில் பாதிப் பேர் வேறு வேலை தேட வேண்டும். இதை ராகவன் சார் எங்களிடம் சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாளாக அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போவதைப் பார்த்தோம்.

செயல் விளக்கத்துக்கு அண்ணாச்சி குறித்த நாள் ஒரு முகூர்த்த நாள். காலையில் நாங்கள் வேனோடு அவர் கடை வாசலுக்குப் போய் நின்றோம். நான், ராகவன் சார், ஓட்டுநர் ஏழுமலை. ஏழுமலைக்கு ராயபுரம். பாரிமுனைக்கு இந்தப் பக்கம் அவருக்கு எல்லாம் வெளிநாடு. எங்கள் கருவியை அவர் நம்பியது போல அதைச் செய்த நாங்களே நம்பியதில்லை. தினமும் திரைக்குப் பூ வைத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்.

கடைக்குள் ஒரே கூச்சல். அண்ணாச்சி தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு தூரத்திலும் மறுமுனையில் ஒரு பெண்மணி பேசுவது எங்களுக்கே கேட்டது. விஷயம் இதுதான். மயிலாப்பூரில் காயத்ரி என்ற பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு எடுத்த கூறைப் புடவை ஒன்பது கஜம். கடையில் கட்டிக் கொடுத்த ஆள், பெட்டியில் அதே நிறத்தில் ஆறு கஜப் புடவையை வைத்துவிட்டான். காலையில் பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்திருக்கிறது. பெண் கூறையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தால்தான் தாலி.

அண்ணாச்சி தொலைபேசியை வைத்தார். கடை வேன்கள் எல்லாம் எங்கெங்கோ கல்யாணங்களுக்குப் போயிருந்தன. அவருடைய பார்வை எங்கள் மேல் விழுந்தது.

"ஏம்மா, ஒங்க மெஷினு அந்த மண்டபத்துக்கு வழி சொல்லுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ராகவன் சார் முந்திக்கொண்டார். "வாசப்படியில கொண்டு போய் நிறுத்தும் சார். ஒரு அடி தப்பாது."

"அப்பம் சரி. இதையே பரீட்சையா வச்சிக்கிடுவோம். நானும் வாரேன். ஆனா மெஷினு மட்டுந்தான் வழி சொல்லணும். நீங்க யாரும் வாயத் தொறக்கப்பிடாது."

சரியான ஒன்பது கஜப் புடவை பெட்டியில் ஏறியது. பெட்டி அண்ணாச்சியின் மடியில் ஏறியது. அவர் முன் சீட்டில், நாங்கள் இருவரும் பின்னால். மண்டபத்தின் விலாசத்தைக் கருவியில் தட்டினேன். "நேராகச் செல்லவும்," என்றது என் குரல்.

அண்ணாச்சி திடுக்கிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். என் உதடு அசையவில்லை. மறுபடி திரையைப் பார்த்தார். "ஏ, நீ அங்கயும் இருக்கியா!"

பனகல் பூங்கா தாண்டி, தேனாம்பேட்டை சிக்னல் தாண்டி, ஆழ்வார்ப்பேட்டை வரை ஒரு குறையும் இல்லை. என் குரல் சொல்லச் சொல்ல ஏழுமலை திருப்பினார். அண்ணாச்சிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "என்ன வேய், இது நம்ம ஆளுவளவிட நல்லால்லா சொல்லுது!" ராகவன் சார் இருட்டில் என் பக்கம் கட்டைவிரலை உயர்த்தினார். வேனின் பின்பக்கம் எப்போதும் இருட்டுதான்.

அப்போது ஏழுமலை பெருமையாகச் சொன்னார்: "வண்டி இன்னிக்கு சும்மா மெதக்குது பாத்தியா மேடம்? நேத்து நாலு டயரும் புச்சா மாத்திட்டேன்."

எனக்கு ஆபத்து புரிந்துவிட்டது. நீங்கள் இந்தத் தொழிலில் இருப்பதால் உங்களுக்கும் புரிந்திருக்கும். தேய்ந்த டயரை வைத்துத்தான் நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம். புது டயர் கொஞ்சம் பெரியது. ஒரே தூரத்துக்குக் குறைவாகச் சுற்றும். சுற்று குறைந்தால், வந்த தூரமும் குறைவு என்று கருவி நினைத்துக்கொள்ளும். வேன் முன்னால் ஓட, அம்பு பின்னால் தயங்கித் தயங்கி வரும். வானம் திறந்திருந்தால் செயற்கைக்கோள் பார்த்துத் திருத்தும். நான் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். சாலையின் இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் கை கோத்துக்கொண்டு நின்றன. வானம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

"சார், டயர் மாத்தியிருக்கு. கணக்குப் பின்னாடி இழுக்கும்," என்று காதோடு சொன்னேன்.

"பேசப்படாதுன்னு சொல்லியிருக்கார்," என்றார் ராகவன் சார், உதட்டை அசைக்காமல்.

லஸ் முனையைத் தாண்டினோம். குளத்துக்குப் போகும் வழியில், ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இரண்டு தெருக்கள் இடது பக்கம் பிரியும். எங்கள் மண்டபம் முதல் தெருவில். நாங்கள் முதல் தெருவைத் தாண்டியபோது என் குரல் மௌனமாக இருந்தது. தாண்டி, அடுத்த தெருவின் முனை வரும் நேரத்தில், மாதக்கணக்காகத் தவம் செய்த முனிவர் வாய் திறப்பது போல, "இடது பக்கம் திரும்பவும்," என்றது.

ஏழுமலை திருப்பினார். திரையில் அம்பு முதல் தெருவில் கம்பீரமாகத் திரும்பியது. நாங்கள் இரண்டாவது தெருவில் திரும்பினோம்.

அப்போது இது என் சந்தேகம்தான், நிச்சயம் இல்லை. மயிலாப்பூர் எனக்கும் அவ்வளவு பழக்கம் இல்லை. நான் எட்டி எட்டித் தெருப் பலகையைத் தேடினேன். பலகை இருந்த இடத்தில் ஒரு கட்சிக்காரரின் பிறந்தநாள் சுவரொட்டி இருந்தது. அதற்குள் நாகசுரம் கேட்டது. வாசலில் வாழைமரம், பன்னீர்ச் செம்பு, பட்டுப் புடவைகள். கல்யாண மண்டபமேதான்.

"சேர வேண்டிய இடம் வந்துவிட்டது," என்றேன் நான், கருவிக்குள்ளிருந்து.

"சபாஷ்!" என்றார் அண்ணாச்சி. அவர் இறங்கும் முன்னாலேயே ஏழுமலை பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். வாசலில் நின்ற ஒரு மாமி அவரைப் பார்த்ததும், "வந்துடுத்தா! எவ்வளவு நேரமாக் காத்துண்டிருக்கோம்!" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே மறைந்தார். எங்களுக்குச் சந்தனம், கல்கண்டு, ரோஜாப்பூ. அண்ணாச்சிக்கு ஒரு நாற்காலி, கையில் காபி. ராகவன் சாருக்கும் காபி. இரண்டு நாளாகச் சாப்பிடாத மனிதர், டம்ளரைக் கண்ணை மூடிக்கொண்டு காலி செய்தார்.

கல்யாண மண்டபத்துக்குள் பெட்டியோடு வருபவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எல்லாருமே ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த மாமி காத்திருந்தது பெண்ணின் தலையில் வைக்கும் பூஜடைக்கு என்று பிறகுதான் தெரிந்தது.

நான் காபியோடு எழுந்து நடந்தேன். வாசலில் பூவால் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்தேன்: ஸ்ரீராம், வித்யா. தொலைபேசியில் அந்தப் பெண்மணி காயத்ரி, காயத்ரி என்று கத்தியது என் காதிலேயே இருந்தது.

ராகவன் சாரைத் தூண் மறைவுக்கு இழுத்தேன். "சார், இது வேற கல்யாணம்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். காபி குடித்த களை முகத்திலிருந்து வடிந்து போனது. ஆனால் விற்பனைக்காரரின் மூளை ஒரு நொடிதான் தடுமாறும். "கேளு கௌரி. கடையில விலாசம் தப்பாச் சொல்லிட்டான்னு சொல்லிடலாம். புடவையவே தப்பாக் கட்டினவாதானே? அவர் நம்பிடுவார். மெஷின் பொழைச்சுடும்."

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பதினைந்து குடும்பங்களின் சோறு அந்தப் பொய்யில் இருந்தது. ஆனால் நான் அப்போது தர்மத்தைப் பற்றி யோசிக்கவில்லை. நேரத்தைப் பற்றித்தான் யோசித்தேன். விலாசம் தப்பு என்று சொன்னால் அண்ணாச்சி கடைக்குத் தொலைபேசி செய்வார். கடையில் விலாசம் சொன்னவரைக் கூப்பிட்டு நிறுத்துவார். அவர் சத்தியம் செய்வார். இந்தப் பஞ்சாயத்து முடிவதற்குள் பக்கத்துத் தெருவில் முகூர்த்தம் முடிந்துவிடும். உண்மையைச் சொன்னால் ஒரு வாக்கியம். நெருக்கடியில் உண்மையின் பெரிய சௌகரியம் அதுதான்; அதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை.

அண்ணாச்சியிடம் போனேன். "அண்ணாச்சி, இது தப்பான மண்டபம். நம்ம மண்டபம் பின் தெருவுல இருக்கு. விலாசம் சரி. எங்க மெஷின்தான் ஒரு தெரு தள்ளிக் கொண்டுவந்துட்டுது."

அவர் கையில் காபி அப்படியே நின்றது. அவர் பேசுவதற்குள் ஏழுமலை குறுக்கே வந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. "இன்னா மேடம் நீ! சாட்லைட்டு இத்தான் இன்னுது. அது மேலேந்து பாத்துக்கினு கீது. மண்டபத்த வேணா எடம் மாத்திக் கட்டிருப்பானுங்கோ!"

"ஏம்மா," என்றார் அண்ணாச்சி மெதுவாக, "ஒரு தெருங்குறது சின்னத் தப்பா? ஒரு தெரு தள்ளிப்போனா எஞ் சொந்தக்காரன் வீடு. இன்னொரு தெரு தள்ளிப்போனா எங்கூடப் பேச்சுவார்த்தை இல்லாதவன் வீடு." எழுந்தார். "மொதல்ல பொடவைய வாங்குவோம். சண்டைய வண்டியில வச்சிக்கிடுவோம்."

பெண்ணின் அறை வாசலில் கூட்டம். உள்ளே எட்டிப் பார்த்தேன். பெட்டி திறந்திருந்தது. மணப்பெண் வித்யா எங்கள் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அரக்கும் பச்சையுமாக, நான்கூட ஒரு கணம் மயங்கிப்போன புடவை அது.

"நான் இதையேதான் கட்டிப்பேன்," என்றாள்.

"மாப்பிள்ளை ஆத்துல ஆசையா ரெண்டாவது கூறை அனுப்பியிருக்கா," என்றார் அவளுடைய அத்தை.

மாப்பிள்ளையின் அம்மா கதவுக்குப் பக்கத்தில் கல்லாக நின்றார். "நாங்க அனுப்பலை. நாங்க எடுத்தது பழுப்பும் மஞ்சளும். அது பிடிக்கலைன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே? முகூர்த்தத்து அன்னிக்கு, எங்களுக்குத் தெரியாம இன்னொண்ணு வரவழைச்சு, எங்க முகத்துல அடிக்கறேளே!"

"யார் வரவழைச்சா?" என்று பெண்ணின் அம்மா எழுந்தார்.

பிழை ஒரு தெருதான். ஆனால் அதற்குள் இந்தத் தெருவில் ஒரு கல்யாணமும் அந்தத் தெருவில் ஒரு கல்யாணமும் ஆட்டம் கண்டுவிட்டன. நான் தொண்டையைச் செருமினேன். "மன்னிக்கணும், அது உங்க புடவை இல்ல..." என் குரலை அங்கே யாரும் மதிக்கவில்லை. கருவிக்குள் இருந்தால் மதித்திருப்பார்கள்.

அண்ணாச்சி என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். வாழ்நாள் முழுக்கப் பெண்களிடம் புடவை விற்றவர். கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, வித்யாவை மேலும் கீழும் பார்த்தார். அறை தானாக அமைதியானது.

"தாயி, நான் ஜவுளிக்கடைக்காரன். அந்தப் பொடவை எங்கடைப் பொடவைதான். நான் சொல்லப்பிடாது. ஆனா சொல்லுதேன்." பெருமூச்சு விட்டார். "அது ஒனக்கு எடுப்பா இல்ல."

நான் பிரமித்து நின்றேன். பக்கத்தில் ராகவன் சார் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். தன் கடைப் புடவை ஒரு பெண்ணுக்கு எடுப்பாக இல்லை என்று ஒரு வியாபாரி சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வர எவ்வளவு சிரமப்பட்டது என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றாள் வித்யா, கண்ணாடியைப் பார்த்து, கொஞ்சம் குறைந்த குரலில்.

"பொடவ நல்லாருக்கு. மொகத்த அமுக்குது. ஒன் நெறத்துக்குப் பழுப்பும் மஞ்சளும் போட்டா, விளக்குப் போட்டாப்புல இருக்கும். அத எடுத்தது யாரு?" என்று சுற்றிலும் பார்த்தார்.

"நான்தான்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அம்மா, நீங்க எங்கடையில வந்து நின்னா எங்க ஆளுவளுக்கு வேலையே இல்ல."

கல் உருகிவிட்டது. "பாத்தேளா! கடைக்காரரே சொல்றார்!" என்று அவர் பெண்ணின் அம்மாவைப் பார்த்தார். பெண்ணின் அம்மாவும் உட்கார்ந்தார். வித்யா தோளிலிருந்து புடவையை மெல்ல எடுத்தாள். அதை மடித்துப் பெட்டியில் வைக்கும்போது, அண்ணாச்சி என் காதில், "அந்தப் பிள்ளைக்கு அது அம்புட்டு அழகா இருந்துச்சு," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

இனி பின் தெருவுக்குப் போக வேண்டும். வாசலுக்கு ஓடினால், எங்கள் வேனுக்கு முன்னும் பின்னும் கார்கள். தெருவின் இந்த முனையில் ஏதோ ஓர் ஊர்வலம். வேனுக்குள் நான் விடாமல், "சேர வேண்டிய இடம் வந்துவிட்டது, சேர வேண்டிய இடம் வந்துவிட்டது," என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எனக்குத் திரை நினைவுக்கு வந்தது. அம்பு சொன்ன மண்டபத்துக்கும் நாங்கள் நிற்கும் மண்டபத்துக்கும் நடுவில் வேறு தெரு இல்லை. அதன் முதுகும் இதன் முதுகும் ஒன்றுதான். "பின்பக்கம்!" என்று கத்திக்கொண்டு நான் சமையற்கட்டுக்குள் ஓடினேன். பின்னால் பெட்டியோடு ஏழுமலை, அவருக்குப் பின்னால் அண்ணாச்சி, கடைசியில் ராகவன் சார். சாம்பார் அடுப்பு, அப்பளக் கூடை, நனைந்த தரை எல்லாம் தாண்டிக் கொல்லைக்குப் போனால், என் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு மதில் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தமும் நெய் வாசனையும்.

கழுவிக் கவிழ்த்திருந்த ஒரு அண்டாவின் மேல் ஏறினேன். அந்தப் பக்கம் ஒரு சமையற்காரர் லட்டு பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இங்க காயத்ரி கல்யாணமா?"

அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். மதிலுக்கு மேல் திடீரென்று முளைத்த தலையிடம், "கல்யாணம் நடக்கறதான்னே தெரியலை. கூறை வரலையாம்," என்றார்.

"வந்துடுத்து! கைய நீட்டுங்கோ!"

அவர் லட்டுக் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினார். பெட்டி சுவரைத் தாண்டிப் போனது. சற்று நேரத்தில் அந்தப் பக்கம் பெண்களின் குரல் எழுந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக் கெட்டிமேளம். நாங்கள் நால்வரும் அதைச் சுவருக்கு இந்தப் பக்கம், பாத்திரங்களுக்கு நடுவில் நின்று கேட்டோம். கீழே கிடந்த அரிசியைப் பொறுக்கி ஏழுமலை சுவருக்கு மேலே வீசினார்.

திரும்பி வரும் வழியில் தேனாம்பேட்டை சிக்னலில் நின்றபோது அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "இது எப்பப்பம் தப்பாச் சொல்லும்?"

ராகவன் சார் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சொல் என்று அர்த்தம்.

சொன்னேன். மரத்தடியில், உயரமான கட்டடங்களுக்கு நடுவில், மேம்பாலத்தில், டயர் மாற்றினால், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தெரு இருந்தால், வண்டியை நிறுத்திக் கிளப்பிய புதிதில். சிக்னல் பச்சையாகி, மறுபடி சிவப்பாகி, மறுபடி பச்சையாகும் வரை சொன்னேன்.

"இம்புட்டும் அதுக்கே தெரியுமா?"

"முக்கால்வாசி தெரியும். வானம் மறைஞ்சுட்டதுன்னு தெரியும், கணக்குல சந்தேகம் இருக்குன்னும் தெரியும். நாங்கதான் அதைச் சொல்ல விடலை." பிறகு நானே சேர்த்துக்கொண்டேன்: "சொல்ற மாதிரி செஞ்சு தரோம். அதுக்குத் தெரியாத நேரத்துல தெரியலைன்னு சொல்லும்."

ராகவன் சார் தாங்க முடியாமல் வாய் திறந்தார். "தெரியலைன்னு சொல்ற மெஷினை யார் வாங்குவா கௌரி?"

"நான் ரெண்டு வேனுக்கு வாங்குதேன்," என்றார் அண்ணாச்சி. "எங்கடையில சரக்கு இல்லேன்னு மொகத்துக்கு நேரச் சொல்லுத பையன் ஒருத்தன் இருக்கான். அவன் இருக்குன்னு சொன்னா நான் போய்ப் பாக்கவே மாட்டேன்."

அத்தனை வேன் இல்லை, இரண்டுதான். கம்பெனி செழிக்கவில்லை, ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவும் இல்லை. கணக்கில் சந்தேகம் வந்தால் அம்பைச் சுற்றி ஒரு வட்டம் விரியும்படி செய்தோம். சந்தேகம் எவ்வளவு பெரிதோ, வட்டமும் அவ்வளவு பெரிது. நான் மறுபடி போர்வைக்குள் புகுந்து, "இப்போது எனக்கு இடம் சரியாகத் தெரியவில்லை. வெளியே பார்த்து ஓட்டவும்," என்று பதிவு செய்தேன். எத்தனையோ வருடம் எத்தனையோ கருவிகளில் வேலை பார்த்துவிட்டேன். நான் எழுதிய வாக்கியங்களிலேயே உருப்படியானது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அந்த இரண்டு வேன்களில் ஒன்றை ஓட்ட அண்ணாச்சி எங்களிடமிருந்து ஏழுமலையையே கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே போன முதல் வாரத்திலேயே ஒரு மத்தியானம் அலுவலகத்தில் எனக்குத் தொலைபேசி வந்தது. பொதுத் தொலைபேசிக் கூண்டிலிருந்து பேசினார். பின்னால் பஸ் இரைச்சல். குரலில் அழுகை.

"மேடம், மெசினு தெரியலங்குது. வட்டம் பெருசாய்க்கினே போவுது. இன்னா மேடம் செய்றது? நான் எங்க கீறேன்னே தெரியல."

"பதறாதீங்க ஏழுமலை. அது என்ன சொல்லுது? வெளியே பார்க்கச் சொல்லுதில்லையா? பாருங்க. எதிர்ல என்ன தெரியுது?"

கூண்டின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"எதிர்ல மாடியில ஒரு ஜன்னலு தெரியுது மேடம்," என்றார். "அதுல நீங்க போன் பேசிக்கினு கீறீங்க."